முதலில் கருவியைச் சந்தேகப்படு!

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி உலகத்துத் தொலைக்காட்சிகள் எல்லாம் ஒரே படத்தைக் காட்டின. கறுப்புப் பின்னணியில், ஆரஞ்சு நிறத்தில், உளுந்து வடையைப் போல ஒரு வளையம். எம் 87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில், 5 கோடியே 50 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கருந்துளையின் நிழல் அது என்றார்கள். நமது சூரியனைப் போல 650 கோடி மடங்கு நிறை கொண்டதாம். எல்லாரும் பார்த்தோம், வியந்தோம், மறுநாள் வேறு செய்திக்குப் போய்விட்டோம்.

நான் பேச வந்தது அந்தப் படத்தைப் பற்றி அல்ல. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளைப் பற்றி. வானத்தை அவர்கள் பதிவு செய்தது 2017 ஏப்ரலில். படம் வெளிவந்தது 2019 ஏப்ரலில். தொலைக்காட்சியில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு மணி நேரத் தாமதமே பெருங்குற்றம். இவர்கள் இரண்டு ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அதில் பெரும்பகுதி ஒரே கேள்விக்கு விடை தேடுவதில் கழிந்தது: இங்கே பதிவாகியிருப்பதில் எது வானம், எது நமது கருவியின் குறை?

இந்தக் கேள்விக்கு முக்கால் நூற்றாண்டு வரலாறு உண்டு.

கேமரா இல்லாத படம்

வானொலித் தொலைநோக்கி என்பது கண்ணால் பார்க்கும் கருவி அல்ல. வானத்திலிருந்து வரும் வானொலி அலைகளைப் பெரிய ஆன்டெனாத் தட்டு ஒன்று சேகரிக்கிறது. ஆனால் ஒரே தட்டை வைத்து நுணுக்கமாகப் பார்க்க முடியாது. வானொலி அலையின் நீளம் ஒளி அலையைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். அதனால் பல தட்டுகளைத் தொலைவில் தொலைவில் நிறுத்தி, இரண்டிரண்டாக அவற்றின் அலைகளை ஒன்று சேர்த்துப் பார்க்கிறார்கள். ஓர் அலையின் முகடு முதல் தட்டுக்கு எப்போது வந்தது, இரண்டாவது தட்டுக்கு எவ்வளவு பிந்தி வந்தது என்ற வித்தியாசத்திலிருந்து அது வந்த திசையைக் கணக்கிடலாம். பள்ளிப் பாடத்தில் ‘குறுக்கீட்டு விளைவு’ என்று படித்தோமே, அதுதான் இதற்கு அடிப்படை. நூற்றுக்கணக்கான ஜோடிகளின் கணக்கைச் சேர்த்தால் படம் கிடைக்கும்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. அலை பிந்தி வந்ததற்கு வானம் மட்டுமா காரணம்? வெயிலில் கேபிள் சற்று நீண்டிருக்கலாம். ஒரு தட்டின் மேலே ஈரக்காற்று கடந்து போயிருக்கலாம். ஒரு மின்கருவி கொஞ்சம் சூடாகியிருக்கலாம். இவை ஒவ்வொன்றும் அலையின் வருகையைப் பிசகச் செய்யும். பிசகை நீக்காமல் படம் வரைந்தால், ஒரு நட்சத்திரம் பத்து நட்சத்திரமாகச் சிதறித் தெரியும்.

எங்கள் ஒளிப்பதிவாளர்கள் படப்பிடிப்புக்கு முன் ஒரு வெள்ளைத் தாளைக் கேமராவுக்கு முன்னால் பிடிப்பார்கள். ‘ஒயிட் பேலன்ஸ்’ என்போம். வெள்ளை எது என்று கேமராவுக்கு முதலில் தெரிந்தால்தான் மற்ற நிறங்கள் சரியாக வரும். வானியலாளர்களும் அதையே செய்கிறார்கள். இதை அளவுத் திருத்தம் என்போம். அவர்களுக்கு வெள்ளைத் தாளும் வானத்தில்தான் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

கடலோரப் பாறையில் தொடங்கிய கணக்கு

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ராடார் வேலையில் இருந்த பொறியாளர்கள் பலர் வானத்தின் பக்கம் திரும்பினார்கள். சிட்னி நகரின் டோவர் ஹைட்ஸ் என்ற செங்குத்தான கடற்பாறையின் உச்சியில் ஓர் ஆன்டெனா. வானத்திலிருந்து நேராக வரும் அலை ஒன்று, கடல்நீரில் பட்டுத் திரும்பி வரும் அலை இன்னொன்று. இரண்டும் ஒரே ஆன்டெனாவில் சேரும்போது, இரண்டு ஆன்டெனா இருப்பதற்குச் சமம். கடலையே கண்ணாடியாக்கிய சிக்கனம்! 1946 தொடக்கத்தில் இந்த முறையால் சூரியனின் கடும் வானொலி இரைச்சல் சூரியப் புள்ளிகள் இருக்கும் பகுதியிலிருந்து வருகிறது என்று காட்டினார்கள். அந்தக் குழுவில் முக்கியமானவர் ரூபி பெய்ன்-ஸ்காட் என்ற அம்மையார். இப்படிப்பட்ட அளவுகள் பலவற்றைச் சேர்த்தால் வானத்தின் படத்தையே கட்டலாம் என்ற எண்ணத்தை 1947ஆம் ஆண்டுக் கட்டுரையில் எழுதிவைத்த மூவரில் அவரும் ஒருவர். மணமான பெண்கள் நிரந்தர அரசுப் பணியில் இருக்கக்கூடாது என்பது அன்றைய ஆஸ்திரேலிய விதி. 1944இல் நடந்த திருமணத்தை அவர் மறைத்து வைத்திருந்தார். 1950இல் தெரியவந்ததும் நிரந்தரப் பதவி போயிற்று. மறு ஆண்டு துறையை விட்டே விலகினார். வானொலி வானியல் தன் தொடக்கத்திலேயே இழந்த பெரிய மூளை அது என்பது என் எண்ணம்.

அதே பாறையில் ஜான் போல்டன், கோர்டன் ஸ்டான்லி என்ற இருவர் சூரியனைத் தவிர்த்த மற்ற வானொலி மூலங்களைத் தேடினார்கள். கிடைத்தன. ஆனால் அவை வானத்தில் சரியாக எந்த இடத்தில் இருக்கின்றன? கிழக்குக் கடற்பாறை என்பதால் மூலங்கள் உதிப்பதை மட்டுமே பார்க்க முடிந்தது. அடிவானத்தில் காற்று மண்டலம் அலையை வளைத்துவிடும். நேரக் குறிப்பிலும் பிசகு சேரும். உதயத்தை மட்டும் பார்த்தால் இந்தப் பிசகைப் பிரித்தெடுக்க வழியில்லை.

அவர்கள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. 1948இல் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு நியூசிலாந்து போனார்கள். அங்கே ஆக்லாந்து வட்டாரத்தில் கிழக்குக் கடற்கரையும் மேற்குக் கடற்கரையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கிழக்கே பாக்கிரி என்ற குன்றிலிருந்து மூலம் உதிப்பதைப் பார்த்தார்கள். மேற்கே பிஹாவில் அது மறைவதைப் பார்த்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டபோது தாங்கள் முன்பு குறித்த இடங்கள் பிசகியவை என்பது தெரிந்தது.

பிசகு நீங்கியதும் பலன் உடனே வந்தது. 1949இல் போல்டன், ஸ்டான்லி, புரூஸ் ஸ்லீ மூவரும் மூன்று வானொலி மூலங்களுக்கு முகவரி சொன்னார்கள். ஒன்று நண்டு நெபுலா. மற்றொன்று என்ஜிசி 5128 என்ற விண்மீன் மண்டலம். இன்னொன்று எம் 87! ஆம், எழுபது ஆண்டு கழித்து நாம் வளையமாகப் பார்த்த அதே எம் 87. அன்றைக்கு அந்தக் கட்டுரையின் தலைப்பில் இவற்றை நமது பால்வீதி சார்ந்தவை என்றே குறித்திருந்தார்கள். இவ்வளவு பலமான வானொலி அலை பால்வீதிக்கு வெளியிலிருந்து வரும் என்று நம்புவது அன்று எளிதாக இருக்கவில்லை.

மூன்று கைக்கடிகாரங்கள்

அடுத்த திருப்பம் இங்கிலாந்தில். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜோட்ரெல் பேங்க் நிலையத்தில் ரோஜர் ஜெனிசன் என்ற இளைஞரும், கல்கத்தாவிலிருந்து ஆய்வுக்காக வந்திருந்த மிருணாள் குமார் தாஸ் குப்தாவும் சேர்ந்து வேலை செய்தார்கள். சிக்னஸ் ஏ என்ற பலமான வானொலி மூலத்தின் வடிவம் என்ன என்பது அவர்கள் கேள்வி. 1953இல் விடை சொன்னார்கள்: அது ஒரு புள்ளி அல்ல, எதிரெதிரே இரண்டு பெரும் மேகங்கள். தாஸ் குப்தா பிறகு கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் பேராசிரியராக விளங்கினார்.

அந்த ஆய்வில் அலையின் வலிமை மட்டுமே நம்பத் தகுந்ததாக இருந்தது. முகடு எப்போது வந்தது என்பது, அதாவது அலையின் ‘கட்டம்’, அந்த முறையில் பதிவாகவே இல்லை. கட்டம் இல்லாவிட்டால் படம் முழுமையாகாது. ஜெனிசன் இதற்கு ஒரு வழி கண்டார்.

மூன்று நண்பர்கள் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறார்கள். முதலாமவர் கடிகாரம் 5 நிமிடம் வேகம். இரண்டாமவருடையது 2 நிமிடம் மெதுவு. மூன்றாமவருடையது 4 நிமிடம் மெதுவு. சரியான நேரம் யாருக்கும் தெரியாது. முதல் கடிகாரத்துக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் கூட்டல் 7. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் கூட்டல் 2. மூன்றாவதிலிருந்து மறுபடி முதலுக்கு வந்தால் கழித்தல் 9. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், பூஜ்யம். கடிகாரங்கள் எவ்வளவு கெட்டிருந்தாலும் சுற்றி வந்து கூட்டினால் பூஜ்யம்தான்.

கடிகாரத்துக்குப் பதில் மூன்று ஆன்டெனா. ஒவ்வொன்றுக்கும் தெரியாத பிசகு ஒன்று. மூன்று ஜோடிகளின் கட்டங்களை இப்படிச் சுற்றி வந்து கூட்டினால் ஆன்டெனாக்களின் பிசகு ஒன்றையொன்று விழுங்கிவிடும். அதற்குப் பிறகும் ஏதாவது மிஞ்சினால், சாதாரண இரைச்சலைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், அந்த மிச்சம் வானத்திலிருந்து வந்தது! கெட்டுப்போன மூன்று சாட்சிகளிடமிருந்து ஓர் உண்மையை வாங்கிவிடும் வித்தை எனலாம். ஜெனிசன் 1958இல் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார். ஆங்கிலத்தில் இதை இன்று ‘குளோஷர் ஃபேஸ்’ என்கிறார்கள்.

ஆனால் உலகம் அதை அப்போது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் தலைமையில் கருவிகளையே அசையாமல் கட்டும் திறமை வளர்ந்துவிட்டது. 1964இல் ஒரு மைல் தொலைநோக்கி. 1972இல் பழைய ரயில் பாதையின் மேல் 5 கிலோமீட்டர் தொலைநோக்கி. பூமி சுழல்வதையே பயன்படுத்திப் படத்தை நிரப்பும் இந்த முறைக்காக 1974இல் ரைலுக்கு நோபல் பரிசு, ஆன்டனி ஹியூவிஷுடன் சேர்த்து. கருவியே ஒழுங்காக இருக்கும்போது முக்கோண வித்தை எதற்கு?

பிறகுதான் கண்டம் விட்டுக் கண்டம் ஆன்டெனாக்களை இணைக்கும் காலம் வந்தது. இரண்டுக்கும் நடுவே கேபிள் கிடையாது. தனித்தனி அணுக்கடிகாரம், தனித்தனி வானிலை. ஜெனிசனின் கணக்கு 1974இல் அமெரிக்காவில் மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. 1978இல் ரெட்ஹெட், வில்கின்சன் என்ற இருவர் அதை வைத்துப் படமே வரைந்து காட்டினார்கள். 1980 வாக்கில் அது ‘தன்-திருத்தம்’ என்று சொல்லத்தக்க முறையாக முதிர்ந்தது.

1997இல் வந்த ‘கான்டாக்ட்’ என்ற ஹாலிவுட் படத்தில் ஜோடி ஃபாஸ்டர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பின்னால் வரிசையாக வெள்ளைத் தட்டுகள் நிற்குமே, அது நியூ மெக்சிகோவில் 1980இல் திறக்கப்பட்ட விஎல்ஏ தொலைநோக்கி. மொத்தம் 27 தட்டுகள். ஜோடி போட்டால் 351 ஜோடிகள். தெரியாத பிசகுகளோ தட்டுக்கு ஒன்றாக 27தான். 27 பேர் செய்த தவறைக் கண்டுபிடிக்க 351 சாட்சி இருந்தால் எந்த நீதிமன்றத்துக்கும் போதும். முதலில் ஒரு தோராயமான படம், அதை வைத்துத் தட்டுகளின் பிசகைக் கணக்கிட்டு நீக்குவது, நீக்கிய தரவிலிருந்து மேலும் நல்ல படம், மறுபடி திருத்தம். இப்படியே சுற்றிச் சுற்றிப் படம் தெளிகிறது.

(யாரும் வானத்தை ஹெட்ஃபோனில் கேட்பதில்லை. அது சினிமா.)

எடைக்கல்லே மாறினால்?

மேலே வெள்ளைத் தாள் வானத்தில் இருக்கிறது என்றேன். 1959இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட மூன்றாவது பட்டியலில் உள்ள 3சி 286, 3சி 48 போன்ற சில மூலங்கள் பல காலமாக உலகெங்கும் எடைக்கல்லாகப் பயன்படுகின்றன. வேலையின் நடுவே தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பி, தெரிந்த பொருள் தெரிந்தபடி தெரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறார்கள். மளிகைக் கடைத் தராசில் எடைக்கல்லை வைத்துப் பார்ப்பதைப் போல. ஆனால் 3சி 48, 2018 வாக்கில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒளிரத் தொடங்கிவிட்டது. அதை எடைக்கல்லாக வைக்கும்போது கவனம் தேவை என்று விஎல்ஏ தன் பயனாளர்களுக்கு எச்சரிக்கை எழுத வேண்டியதாயிற்று.

தன்-திருத்தத்திலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. முதலில் வைக்கும் தோராயப் படம் தவறாக இருந்தால், தரவு அந்தத் தவற்றுக்கு இசைந்து வளைந்துகொடுக்கும். 2008இல் ஸ்பெயின் நாட்டின் மார்ட்டி-விடால், மார்க்கைடே இருவரும் இதை ஆராய்ந்து காட்டினார்கள். வானத்தில் ஒன்றுமே இல்லை. பதிவானது வெறும் இரைச்சல்தான். அதைப் புள்ளி என்று எண்ணித் திருத்தினால், இல்லாத ஒரு புள்ளி படத்தில் முளைத்துவிடுகிறது. ஆன்டெனா எண்ணிக்கை குறையக் குறைய இந்த ஆபத்து கூடும்.

ஊட்டியிலிருந்து நாராயண்காவ் வரை

நம்மவர்கள் இதில் எங்கே என்று கேட்பீர்கள். கோவிந்த் ஸ்வரூப் 1950களில் சிட்னிக்குப் போய், அந்தக் கடற்பாறைக் குழுவை நடத்திய ஜோசப் பாஸியிடம் பயின்றவர். அவர் தலைமையில் 1970இல் நீலகிரியில், ஊட்டி அருகே, 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கி எழுந்தது. மலைச்சரிவின் சாய்வையே பூமியின் அச்சுக்கு இணையாக அமைத்துக்கொண்ட கட்டுமானம் அது. பிறகு புனே அருகே நாராயண்காவ் வட்டாரத்தில் 45 மீட்டர் அகலமுள்ள 30 தட்டுகள், 25 கிலோமீட்டர் பரப்பில். ஜிஎம்ஆர்டி என்பது அதன் சுருக்கப் பெயர்.

ஜிஎம்ஆர்டி கேட்பது நீண்ட அலைகளை. அவற்றுக்குப் பெரிய எதிரி அயனி மண்டலம். நீச்சல் குளத்தின் அடியில் கிடக்கும் நாணயம் ஆடுவது போல வானம் ஆடும். அதுவும் ஒவ்வொரு திசையிலும் வெவ்வேறு விதமாக. ஒரே திருத்தம் முழு வானத்துக்கும் போதாது. (நாங்கள் ஒளிபரப்பும் தொலைக்காட்சி அலைகளும் அவர்களுக்குத் தொல்லைதான். மன்னிக்கவும்.) 2010 முதல் 2012 வரை வானத்தின் 90 விழுக்காட்டை 150 மெகாஹெர்ட்ஸில் ஜிஎம்ஆர்டி பதிவு செய்தது. ஹூப் இன்டெமா என்ற டச்சு ஆய்வாளர் திசைக்குத் திசை திருத்தும் முறை ஒன்றை உருவாக்கியிருந்தார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் அந்தப் பழைய பதிவுகளை முழுவதுமாகத் திருத்தி 2017இல் வெளியிட்டபோது 6 லட்சத்து 20 ஆயிரம் வானொலி மூலங்கள் கிடைத்தன. புதிதாக ஒரு தட்டுகூட அதற்காக வானத்தை நோக்கவில்லை.

மீண்டும் எம் 87

இப்போது அந்த இரண்டு ஆண்டுகளுக்கு வருவோம். 2017 ஏப்ரலில் சிலி, ஸ்பெயின், மெக்சிகோ, அரிசோனா, ஹவாய், தென் துருவம் ஆகிய ஆறு இடங்களில் எட்டுத் தொலைநோக்கிகள் சேர்ந்து பதிவு செய்தன. இணையத்தில் அனுப்ப முடியாத அளவுத் தரவு. வன்தட்டுகளில் ஏற்றி விமானத்தில் அனுப்பினார்கள். தென் துருவத்தில் குளிர்காலம் முழுக்க விமானம் இறங்காது. அங்கிருந்து வன்தட்டுகள் வந்து சேர டிசம்பர் ஆகிவிட்டது. தென் துருவத்திலிருந்து எம் 87 தெரியவே தெரியாது. ஆனாலும் 3சி 279 என்ற எடைக்கல் மூலத்தை அது பார்த்துக்கொடுத்தது.

அலைநீளம் வெறும் 1.3 மில்லிமீட்டர். காற்றிலுள்ள ஈரம் சில வினாடிகளுக்குள் அலையின் கட்டத்தைக் கலைத்துவிடும். வேறு மூலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவே நேரமில்லை. ஜெனிசனின் முக்கோணக் கணக்குதான் கைகொடுத்தது. சிலியில் இரண்டு தொலைநோக்கிகள் பக்கத்துப் பக்கத்தில், ஹவாயிலும் அப்படியே. பக்கத்தில் இருப்பவை இரண்டும் ஒரே வானத்தைப் பார்ப்பதால் அவற்றின் அளவுகள் ஒத்துப்போக வேண்டும் அல்லவா? அதை வைத்தும் திருத்தினார்கள். திருத்தும் மென்பொருளையே நம்பாமல் மூன்று தனித்தனி வழிகளில் செய்து ஒப்பிட்டார்கள்.

அடுத்த பயம், நாம் எதிர்பார்க்கும் வளையத்தை நாமே வரைந்துவிட்டோமோ என்பது. அதனால் குழுவை நான்காகப் பிரித்தார்கள். ஒரு குழு மற்றொரு குழுவோடு பேசக்கூடாது. ஏழு வாரம். 2018 ஜூலையில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் நான்கு படங்களையும் அருகருகே வைத்தபோது நான்கிலும் வளையம் இருந்தது. நான்கிலும் தெற்குப் பக்கம் பிரகாசம். அதோடும் நிற்கவில்லை. வளையம், பிறை, வட்டத்தட்டு, இரட்டைப் புள்ளி என்று பொய்யான வானங்களைக் கணினியில் உண்டாக்கி, அவற்றுக்கும் பிசகைச் சேர்த்து, தங்கள் முறை வட்டத்தட்டை வளையமாக்கிக் காட்டுகிறதா என்று சோதித்தார்கள். வட்டத்தட்டு வட்டத்தட்டாகவே வந்தது.

இத்தனைக்குப் பிறகும் எல்லாரும் ஒப்புக்கொண்டார்களா என்றால், இல்லை. திருத்திய தரவை அந்தக் குழு 2019லேயே பொதுவில் வைத்துவிட்டது. அதை எடுத்து மியோஷி உள்ளிட்ட ஜப்பானிய ஆய்வாளர்கள் மூவர் தங்கள் வழியில் திருத்தி, 2022இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வளையம் தெரியவில்லை, நடுக்கருவும் முடிச்சுகளும்தான் தெரிகின்றன, ஆன்டெனாக்கள் குறைவாக இருந்ததால் வளையம் போலத் தோன்றியிருக்கிறது என்றார்கள். கருந்துளைக் குழு மறுத்தது. வேறு சில ஆய்வாளர்கள் தாங்களாகவே செய்து பார்த்து, வளையம் வருகிறது என்றார்கள். 2018 ஏப்ரலில் கிரீன்லாந்துத் தொலைநோக்கியையும் சேர்த்துக்கொண்டு எடுத்த புதிய பதிவுகளைப் புதிதாகத் திருத்தி, 2024 ஜனவரியில் படம் வெளியிட்டார்கள். வளையம் அதே அளவில் இருந்தது. பிரகாசமான பகுதி மட்டும் ஏறத்தாழ 30 பாகை நகர்ந்திருந்தது.